இடது என்று கத்தினேன், வண்டி வலது பக்கம் போனது

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலை, கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் நடந்தது இது. அந்த ஊரில் என் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறிப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வீட்டில் இருந்ததோ என் பைக் மட்டும். அதையே ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றேன்.

ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைகளில் மெதுவாகச் சுற்றினாள். நன்றாகவே ஓட்டினாள். எல்.எல்.ஆரும் வந்துவிட்டது. அன்று முதன்முறையாகப் பெரிய சாலைக்கு வந்தோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேகம் நாற்பதைத் தொட்டபோது வண்டி நடுச்சாலைக்கு விலகியது. எதிரே ஒரு வேன்.

"லெஃப்ட்ல திருப்பு" என்று கத்தினேன்.

வண்டி வலது பக்கம் சாய்ந்து வேனை நோக்கியே போனது. வேன் டிரைவர் போட்ட பிரேக்கில்தான் பிழைத்தோம். வேனுக்கு முன்னால் மயிரிழையில் குறுக்கே கடந்து, வேர்க்கடலைக் கொல்லையில் போய் விழுந்தோம்.

எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் அவளைத் திட்டியது. "லெஃப்ட் ரைட் கூடத் தெரியாதா உனக்கு?"

முழங்கையில் ரத்தம் வழிய, "நீங்க சொன்ன பக்கம்தாங்க திருப்பினேன்" என்றாள். நான் நம்பவில்லை.

தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த வேன் டிரைவர் அவள் காயத்தைக் கழுவச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "அக்கா மேல தப்பு இல்லண்ணா. எதிர்ல இருந்து நான் பாத்துக்கினுதான் இருந்தேன். ஹேண்டில் லெஃப்ட்லதான் திரும்புச்சு."

"அப்புறம் எப்படிங்க வண்டி ரைட்ல போகும்?"

"மெதுவா போனா திருப்புற பக்கம் போவும். ஸ்பீடு ஜாஸ்தியானா அப்படி இல்லண்ணா. வெடுக்குனு லெஃப்ட்ல திருப்பினா வண்டி ரைட்ல சாஞ்சிடும், சாஞ்ச பக்கம்தான் போவும். லெஃப்ட்ல போகணும்னா லெஃப்ட் கைப்பிடியை லேசா முன்னால தள்ளணும், ஹேண்டில் துளி ரைட்ல திரும்புற மாதிரி. நீங்களும் அப்படித்தான் ஓட்டுவீங்க, தெரியாமயே."

மறுநாள் காலியான சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். இடது கைப்பிடியை லேசாகத் தள்ளினேன். வண்டி இடது பக்கமே சாய்ந்து திரும்பியது. இருபது வருடமாக என் கைகள் செய்துவந்தது எனக்கே தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வலிச்சது கைல இல்லங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது தினமும் அவளே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாள். நானோ, "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்று யார் சொன்னாலும், குரலை உயர்த்துவதற்கு முன்னால் அவர்களை ஒருமுறை நம்பிப் பார்க்கிறேன்.