பெயர் கேட்க மறந்த அன்பர்

போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் ஓர் அறுபதாம் கல்யாணம். சாப்பிட்டுக் கிளம்பும்போது கையில் திணித்த தாம்பூலப் பையை வீட்டுக்கு வந்து கவிழ்த்தேன். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு குட்டி எவர்சில்வர் கிண்ணம், கூடவே ஒரு புத்தகம். அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை ஜப்பானுக்குப் போய்வந்த கதை. அட்டையில் செர்ரிப் பூக்களுக்குக் கீழே தம்பதி சமேதராக நிற்கிறார்கள். வெற்றிலை ஈரத்தில் முதல் பத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தேன். வெற்றிலையும் அச்சு மையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். எனக்கு நிஜமாகவே இந்த வாடை என்றால் பயம்.

உங்களுக்கே தெரிந்திருக்கும், மயிலாப்பூரில் வெளிநாடு போய்வந்து புத்தகம் போடாதவர்கள் குறைவு. பன்னிரண்டு நாள் ஐரோப்பா என்றால் நூற்றிருபது பக்கம் நிச்சயம். விமானத்தில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸில் ஆரம்பித்து, மீனம்பாக்கத்துக்கு மருமகன் கார் கொண்டுவந்து நின்றது வரை ஒன்றும் விட்டுப்போகாது. சொந்தச் செலவில் அச்சடித்து, பேத்தி அரங்கேற்றத்துக்கு வந்தவர், பால் கார்டு வாங்க வந்தவர் என்று ஒருத்தரையும் விடாமல் கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் கிண்டல் செய்ய எனக்கு முழு யோக்கியதை உண்டு. அவர்களை ஓட்டிக்கொண்டு போனவளே நான்தானே.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து தி. நகரில் ஒரு பாத்திரக் கடை மாடியிலிருந்த சுற்றுலாக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விசிட்டிங் கார்டில் 'டூர் மேனேஜர்' என்று இருக்கும். அதை அம்மா பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் எல்லாம் இட்டாள். வேலை என்னவோ தலை எண்ணுவதுதான். பஸ் ஏறினால் எண்ண வேண்டும், இறங்கினால் எண்ண வேண்டும், கழிப்பறைக்குப் போய் வந்தாலும் எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் வேறு எதையும் கேட்கமாட்டேன். அது நல்ல பழக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தனியாகக் கூட்டிப்போன முதல் ஐரோப்பாக் குழுவில் இருபத்தேழு பேர். முக்கால்வாசி ஓய்வு பெற்றவர்கள். பட்டுப் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, வேட்டிக்கு மேலே ஜெர்கின். கூடவே சமையலுக்கு தேவராஜ் அண்ணன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை கேன்டீனை நடத்தியவர். சுவிட்சர்லாந்தில் பனிமலைக்கு நடுவில் எங்கள் பஸ் கதவைத் திறந்தால் பெருங்காயம் குப்பென்று அடிக்கும். பக்கத்து பஸ்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நம்மவர்களுக்கு அதில் பெருமை வேறு.

முதலில் பட்டியலில் இருந்தது இருபத்தெட்டுப் பேர். அதில் சுகந்தா டீச்சரும் அவருடைய கணவரும் உண்டு. டீச்சர் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். ஐரோப்பாவின் ஆறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவார் என்று சொல்வார்கள். போய்ப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேருமாகப் போகலாம் என்று டீச்சர்தான் தனியாக ஆபீசுக்கு வந்து பிடிவாதமாகப் பதிவு செய்தார், கணவரை நான் பார்த்ததில்லை. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது, சித்திரை வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்வந்து உட்கார்ந்த கணவர் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். ஆபீசில் என் எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார். "பஸ்ல என் பக்கத்து சீட்ல யாரையும் ஒக்கார வெக்காதேம்மா. நான் ஜன்னலோரமா இருந்துக்கறேன்." சரி என்றேன். பன்னிரண்டு நாளும் அந்த இருக்கை காலியாகவே வந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் மலையின் உயரம், மழை அளவு, நதியின் நீளம் என்று எழுதிக்கொண்டே வருவார். அழுது நான் பார்க்கவில்லை.

எண்ணுவதில் ஒரு வம்பு இருந்தது. முதல் நாளே மந்தைவெளியிலிருந்து வந்த அக்கா தங்கை இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மனுஷாளை ஒண்ணு ரெண்டுன்னா எண்ணுவா? லாபம்னு ஆரம்பி." நெல் அளக்கிற மாதிரி. நானும் தலையெழுத்தே என்று பாரிஸ் வீதியில் நின்று "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். லாபத்தை ஒன்று என்று வைத்துக்கொள்ள மறந்தால் மொத்தத்தில் ஒன்று குறையும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கை குறையத்தான் செய்யும், கூடுவதற்கு வழியே இல்லை.

நான்காம் நாள் தேவராஜ் அண்ணன் கோபமாக வந்தார். "இன்னா மேடம் கணக்கு இது? பாசஞ்சர் இருவத்தேழு, நீ, நான், டிரைவரு, முப்பது பார்சல் கட்றேன். கட்சீல எனக்கே சோறு இல்ல. டெய்லி இதே ரோதனையா கீது."

"டிரைவர் ரெண்டு எடுத்துக்கறாரோ என்னவோ?"

"அந்தாளு ஒரு பார்சல்லயே பாதி லெமன் சாதத்த வெச்சுட்றான் மேடம். ரொட்டிதான் துன்றான்."

வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற வரதன் சாருக்கு நல்ல பசி. அவர் மேல் சந்தேகப்பட்டு, முப்பத்தொன்றாகக் கட்டச் சொன்னேன். அதன் பிறகு சரியாக இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் லூசர்ன் ஏரி. மதியம் மூன்று மணி, லேசான தூறல். படகில் ஏற வரிசையாக நிறுத்தி, முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து எண்ணினேன். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டு. பழைய பட்டியல் மனதில் நிற்கிறது போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு, இந்தத் தடவை முகம் முகமாகப் பார்த்து எண்ணினேன். வரிசையின் கடைசியில், எனக்குத் தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அறுபத்தைந்து வயதிருக்கும். நம்மவர்தான். பழுப்பு நிறத்தில் கையால் பின்னிய ஸ்வெட்டர். இடது கையில் மட்டும் நுனியை மடித்துவிட்டிருந்தார். குடை இல்லை. எல்லோர் தலையிலும் தூறல் பொட்டுப் பொட்டாக நிற்கிறது, அவர் தலை காய்ந்திருந்தது. அதற்குள் இருபத்தேழு பேரின் முழங்கால் வலியும் மாத்திரை நேரமும் எனக்கு மனப்பாடம். இவரைத் தெரியவில்லை. வேறு ஏதோ குழுவை விட்டு வழி தவறி வந்தவர் என்று நினைத்துக்கொண்டு அவரை நோக்கி இரண்டு அடி வைத்தேன். படகு ஊதியது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். உள்ளே உட்கார வைத்து எண்ணினேன். இருபத்தேழு. அப்பாடா என்று ரிப்போர்ட்டில் இருபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 

ஊர் திரும்பி ஒரு வருஷத்துக்குள் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. முதலில் வரதன் சாருடையது, தாம்பூலப் பையோடு ஆபீசுக்கே வந்தது. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று ஆசையாகத் தேடினேன். 'உடன் வந்த பெண்' என்று ஒரே ஒரு இடத்தில். போகட்டும். ஆனால் லூசர்ன் அத்தியாயத்தில் இப்படி இருந்தது: 'என் காலணியின் கயிறு அவிழ்ந்துவிட, பழுப்பு ஸ்வெட்டர் அணிந்த நம் குழு அன்பர் ஒருவர் குனிந்து கட்டிவிட்டார். என்னே பண்பு!'

பாத்திரக் கடையில் கீழே அண்டாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலும் எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

அடுத்தது மந்தைவெளி சகோதரிகள். 'ஒரு மாமா யாரோடும் பேசமாட்டார். காபி நீட்டினால் சிரித்துத் தலையை மட்டும் ஆட்டுவார். ஸ்வெட்டரின் இடது கையை மடித்துவிட்டிருப்பார்.' மூன்றாவது, அடையாறு பல் டாக்டருடையது. பல் டாக்டர் என்பதால் எதையும் வரிசையாக எண்ணித்தான் எழுதுவார் போல. கடைசிப் பக்கத்தில் குழுவினர் பட்டியல். இருபத்தேழு பெயர்கள். அதற்குக் கீழே: '28. பழுப்பு ஸ்வெட்டர் அன்பர் (பெயர் கேட்க மறந்துவிட்டேன்).'

மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை இல்லை. ஆனால் மூன்றையும் அச்சுக்கு முன்னால் படித்த ஓர் ஆள் உண்டு. ஊர்ப் பெயர், நதிப் பெயர் பிழை பார்த்துத் தரச் சொல்லி எல்லோரும் சுகந்தா டீச்சரிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் டீச்சர் ஆபீசுக்குப் போன் செய்தார். "ஆத்துக்கு ஒரு நடை வந்துட்டுப் போறியா?"

ராஜா அண்ணாமலைபுரத்தில் மாடி வீடு. காலை பதினோரு மணி. மேஜையில் மூன்று புத்தகமும் காகிதத் துண்டு செருகி அடுக்கியிருந்தது. காபி கொடுத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ரைன் நதி தெக்க பாயறதுன்னு எழுதியிருந்தார் வரதன். திருத்திட்டேன். டாக்டர் ஆல்ப்ஸ் ஒசரத்தைத் தப்பாப் போட்டிருந்தார், அதையும் திருத்திட்டேன். இதை என்னன்னுடி திருத்தறது?"

டீச்சர் பழுப்பு ஸ்வெட்டர் வரியின் மேல் விரலை வைத்தார்.

"அந்த ஸ்வெட்டர் நான் பின்னினது. பாண்டி பஜார்ல நூல் வாங்கிண்டு வந்து, இந்தப் பயணத்துக்குன்னே பின்னினேன். இடது கை ரெண்டு விரக்கடை நீண்டு போச்சு. பிரிச்சுடறேன்னேன். 'மடிச்சு விட்டுண்டா ஆச்சு, விடு'ன்னார். ஒரு நாள்கூட போட்டுக்கலை. அதைத்தான் என் பெட்டிக்கு அடியில வெச்சுண்டு வந்தேன். ஐரோப்பா பூரா வெளியில எடுக்கவே இல்லை. இவாளுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

குரல் உடையவில்லை. பாடம் கேட்கிற குரல்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கயிறு கட்டி விட்டிருக்கார். காபி வேண்டாம்னு சிரிச்சிருக்கார். ஊர்ப்பட்ட பேர் கண்ணுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கார். பக்கத்து சீட்டைக் காலியா வெச்சுண்டு ஒக்காந்திருந்தேனே, எனக்குத் தெரியலை. நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது. "நீ தினம் எங்களை எண்ணினவ. உன் கண்ணுல பட்டாரா? நிஜத்தைச் சொல்லு."

பட்டார் என்று சொன்னால், பார்க்காதவர் டீச்சர் ஒருத்தர்தான் என்று ஆகிவிடும். நான் யார் அவருக்கு? சம்பளத்துக்குத் தலை எண்ண வந்தவள். எனக்கும் தெரிந்தார், உங்களுக்கு மட்டும்தான் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

"இல்ல டீச்சர். நானும் பாக்கல," என்றேன்.

டீச்சர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார், அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. "போறது போ. நாம ரெண்டு பேருமாவது இருக்கோம்."

நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு நிம்மதியாகப் படியிறங்கினேன். என் புத்திக்கு எதைச் சொல்வது!

அதற்குப் பிறகு டீச்சர் ஆறு தடவை போனார். எகிப்து, துருக்கி, சீனா, கம்போடியா, இன்னும் எங்கெங்கோ. ஒவ்வொரு தடவையும் பக்கத்து இருக்கையைக் காலியாக வைக்கச் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் எழுதினார், எல்லாவற்றிலும் அட்சரேகையும் மழை அளவும்தான், கணவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வந்து இறங்கிய அன்றைக்கே எனக்குப் போன் வரும். "வந்துட்டேன்டி. இந்தத் தடவையும் இல்லை." முழங்கால் அறுவை செய்துகொண்ட பிறகுகூட வாக்கர் வைத்துக்கொண்டு சீனாவுக்குப் போனார். மகன் சண்டை போட்டுப் பார்த்தான், கேட்கவில்லை. எதற்காகப் போகிறார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கம்போடியாவுக்குக் கூடப் போன யாரோ ஒரு வக்கீல் எழுதிய புத்தகம் என் கைக்கு வந்தது. 'அந்தக் கொளுத்தும் வெயிலிலும் ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை' என்று ஒரு வரி. டீச்சர் அதைப் படித்தாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நான் அதற்குள் டிக்கெட் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பந்தியில் எத்தனை பேர் என்று என்னை எண்ணச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

கம்பெனி மூடிப் பல வருஷமாகிறது. அந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். தேவராஜ் அண்ணன் போய்விட்டார், வரதன் சார் போய்விட்டார், பல் டாக்டரின் கிளினிக் இருந்த இடத்தில் சலூன். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்பிவிட்டார்கள். டீச்சர் அந்த வீட்டிலேயேதான் போனார். மகன் சாவுச் செய்தி சொல்லப் போன் செய்தபோது, கடைசி நாட்களில் அம்மா ஜன்னலைப் பார்த்தே படுத்திருந்தாள் என்றான்.

உங்களிடமும் ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டேன். அன்று படகுத்துறை வரிசையில் எங்கள் இருபத்தேழு பேரில் கடைசியாக நின்றவர் டீச்சர்தான். ஏரியைப் பார்த்து நின்று, நோட்டில் அதன் ஆழத்தை எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் டீச்சருக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றார். ஏரியைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'டீச்சர், அவர் உங்க பின்னாடியேதான் நிக்கறார்' என்று அன்று டீச்சர் வீட்டில் காபி குடித்துக்கொண்டே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அம்மாள் எகிப்துக்கும் சீனாவுக்கும் போய்த் தேடியிருக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பார்.