சாயப்பட்டறைக்குப் போட்ட மதிப்பெண்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். பட்டு வியாபாரிகள் சிலர் கூடி, ஊரிலுள்ள சாயப்பட்டறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஆட்களையும் அக்கம்பக்கத்தையும் நன்றாக வைத்திருக்கும் பட்டறைக்குக் கேடயம் தருவதென்று முடிவு செய்தார்கள். மதிப்பெண் போட என்னையும், ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவரையும் அனுப்பினார்கள்.

மற்ற பட்டறைகளில் வாசலிலேயே நெடி மூச்சை அடைத்தது. சாக்கடை பல நிறங்களில் தெருவோடு ஓடியது. செவிலிமேட்டுப் பக்கம் இருந்த கடைசிப் பட்டறை மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆட்களுக்குக் கையுறை, உட்கார நிழல், பானைத் தண்ணீர் எல்லாம் உண்டு. கொப்பரைகளில் பட்டு நூல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் வெளியே ஒரு சொட்டுச் சாயம் இல்லை.

"நம்மகிட்ட சாக்கடையே கெடையாது சார்" என்றார் முதலாளி.

ஆய்வாளர் முழு மதிப்பெண் போட்டார். எனக்கோ ஒரே யோசனை. இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது?

பட்டறைக்குப் பின்னால் ஒற்றை வீடு. கொடியில் வேட்டி, துண்டு, குழந்தைத் துணி எல்லாம் ஒரே வெளிர்சிவப்பில் காய்ந்தன. குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"வாணாம்மா. எங்க கெணத்துத் தண்ணிய வெளியாளுக்குக் குடுக்கறதில்ல."

"ஏன்?"

வாளியை இறக்கி இழுத்துக் காட்டினாள். தண்ணீர் வெயிலில் சிவப்பாக மினுங்கியது.

"இன்னிக்கு அரக்கு. அவங்க பச்சை போட்டா இங்கயும் பச்சை வரும். சோறும் அந்த நெறந்தான். புள்ளைக்குப் பழகிடுச்சு. சொந்தக்காரங்க வூட்ல வெள்ளைச் சோறு குடுத்தா துன்ன மாட்டேங்குது."

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. புதிதாக முளைத்த பற்களில் நீலம் படிந்திருந்தது.

ஓடிப்போய் ஆய்வாளரை அழைத்து வந்தேன். பார்த்துவிட்டு அவர் பட்டறைக்குத் திரும்பி, கொல்லையில் கிடந்த கற்பலகையை நகர்த்தச் சொன்னார். அடியில் ஒரு பழைய கிணறு. குனிந்து பார்த்தோம். எங்கள் முகங்கள் அதில் தெரியவில்லை. அத்தனை கறுப்பு. ஆழத்திலிருந்து குமிழிகள் மட்டும் மெல்ல வந்து உடைந்தன.

"பாழுங் கெணறு சார். யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார் முதலாளி.

"தெருவுல விடறவனுது கண்ணுக்குத் தெரியுதுபா. நீ விடறது அந்தக் கொழந்தை வயித்துக்குள்ள போவுது" என்ற ஆய்வாளர், போட்ட மதிப்பெண்ணை அங்கேயே அடித்தார்.

அந்த ஆண்டு கேடயம் யாருக்கும் தரப்படவில்லை. ஆய்வாளர் நகராட்சிக்கு நடையாய் நடந்ததில், முதலாளி கிணற்றை மண் போட்டு மூடினார். எங்களுக்கு அது போதுமென்று தோன்றியது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. சற்றுத் தள்ளி, பாலாற்றை ஒட்டிய வயலில், ஒருவர் பம்ப்செட் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் விசாரித்தேன்.

"அவங்க ஊரை வுட்டே போயிட்டாங்கம்மா" என்றார்.

அவர் காலில் வழிந்த தண்ணீர் மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நிதானமாகக் குனிந்து, இரு கைகளிலும் அள்ளி முகத்தைக் கழுவினார்.