இரண்டு கருப்பாத்தாள், ஒரு கார்டு

ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை சொல்லும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, பத்துத் தடவை வருவதை ஒன்றாக்கும் வேலை கைவந்ததில் ஆச்சரியம் என்ன? "கான்வென்ட்ல படிச்சிருக்கறீங்க, ஊட்ல சும்மாதான இருக்கறீங்க அண்ணி" என்று என் கொழுந்தனார் தன் பனியன் கம்பெனியின் கணக்கெல்லாம் இருக்கும் எக்ஸ்எம்எல் என்கிற கம்ப்யூட்டர் கோப்புகளை என் தலையில் கட்டினார். ஆர்டர் கோப்பில் ஒரே நிறம் ஆயிரம் இடத்தில் இருக்கும். ஸ்டைல்ஷீட் என்கிற கட்டளைக் கோப்பு எழுதி, ஒவ்வொன்றும் ஒரே தடவை வரும்படி பட்டியல் எடுக்க வேண்டும். இதில் மாட்டி முழிக்கும் சக பாவிகளே, நீங்களும் கேளுங்கள்.

ஒரு ஸ்பேஸ்

முதல் பட்டியலிலேயே நேவி என்கிற கருநீலம் இரண்டு முறை வந்தது. ஆர்டர் கொடுக்கும் பையர் ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் நேவிக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறான். நம் கண்ணுக்கு ஒன்று. ஸ்டைல்ஷீட்டுக்கு அது வேறு நிறம். பார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன். கட்டிங் மாஸ்டர் போன் செய்தார்: "ஏனுங்க, நேவித் துணி ஒண்ணுதானுங்க கெடக்குது. ரெண்டாவதுக்கு நான் எங்கீங்க போவேன்?"

நோம்பிக்குப் போய் வந்தவர்கள்

ஸ்பேஸை வெட்டக் கற்றுக்கொண்டதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. அடுத்து ஆள் பட்டியல் வந்தது. கேட்டில் கார்டைக் காட்டி உள்ளே போகும் புது மெஷின். பழைய வருகைப் பதிவிலிருந்து ஆளுக்கு ஒரு கார்டு அடிக்க வேண்டும். பதிவில் இருந்த ஆள் நம்பரை வைத்து எடுத்தால், இருக்கிற ஆட்களைப்போல இரண்டு மடங்கு வந்தது. ஊர்த் திருவிழா நோம்பிக்கு நாலு நாள் லீவு என்று போகிறவர்கள் ஒரு மாதம் கழித்து வருவார்கள். வந்ததும் புது ஆளாகச் சேர்த்துப் புது நம்பர் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

சூப்பர்வைசரைக் கேட்டேன். நான் அவசரக்காரி, அவர் எனக்கு மேல். "நம்பரை உடுங்க மேடம், பேரும் ஊரும் வெச்சு எடுங்க. போனவங்கதானுங்க வந்தவங்க."

பட்டியலில் இல்லாதவள்

அப்படியே எடுத்தேன். பட்டியல் அழகாகச் சுருங்கியது. ம. கருப்பாத்தாள், மங்கலம் என்று தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் இரண்டு பேர் இருப்பது எனக்குத் தெரியாது. குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு வீடு வைக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு இது தோன்றாமல் போனதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் கார்டு வந்தது. மூட்டுவலியால் உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பார்த்துச் சேர்ந்திருந்த மற்றவளை, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே கார்டு அடித்தாகிவிட்டது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கொழுந்தனார் பத்து நாள் கழித்துப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

இரண்டே நிமிடத்தில் ஸ்டைல்ஷீட்டைத் திருத்தி, கார்டு அடித்து, மங்கலத்துக்கு நானே கொண்டுபோனேன். அவள் அதற்குள் விசைத்தறி ஓடும் தறிக்குடோனில் சேர்ந்திருந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். தப்பு என்னுடையது, திரும்பி வா என்றேன். கார்டில் இருந்த தன் போட்டோவைப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தாள். "உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க அம்மணி, செரி. நாங்க ரெண்டு பேரும் எதுத்தாப்ல எதுத்தாப்ல உக்காந்து வேலை செஞ்சமுங்க. பாத்தவங்க ஒருத்தருமா ரெண்டு பேருன்னு சொல்லலீங்க?"

இப்போது பெயர், ஊர், ஆதார் எண் மூன்றையும் சேர்த்துத்தான் பட்டியல் எடுக்கிறேன். பட்டியலில் பிழையே இல்லை, செக்கிங் மேசையில்தான் ஓர் ஆள் இல்லை.