ஐந்து தம்ளர் தண்ணீர்

அந்த வருஷம் தை மாதம் எனக்கு எல்லா வியாதியும் இருந்தது. மருந்தியல் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. எந்த மருந்து என்ன பக்கவிளைவைத் தரும் என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். காதில் இரைச்சல் என்று படித்தால் என் காது இரையும். கால் வீக்கம் என்று படித்தால் ஓடிப்போய் மாமியாரின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். "என்னம்மா, மாம்பழம் பழுத்திருக்கான்னு பாக்குறியா?" என்பார் அவர்.

எட்டு மாதப் பெண்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் நீடாமங்கலத்தில் ரயில் ஏறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தேன். கணவருக்கு வடக்கே வேலை. குழந்தை பிறந்தபின் நான் படிப்பைத் தொடர்வதைச் சொந்தக்காரர்கள் யாரும் விரும்பவில்லை. நான் மாமா என்று கூப்பிடும் மாமனார் ஒருவர்தான் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒன் படிப்பால இந்தக் குடும்பத்துக்கு ஒரு அவமானம் வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னிக்கே பொஸ்தகத்த மூடி அலமாரியில வச்சிடணும்."

அவமானம் என் படிப்பால் வந்துவிடுமோ என்று நான் தினமும் இரண்டு தடவை யோசிப்பேன். அது என் கைப்பையில் மாத்திரையாகக் கிடக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

அதற்கு முந்தின வாரம் எனக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தது. கல்லூரி ஆஸ்பத்திரி டாக்டர், பாலூட்டுகிறேன் என்று தெரிந்ததும், "பாதி மாத்திரை போதும், ரெண்டு நாள் மட்டும். குழந்தை அதிகமாத் தூங்குதான்னு பாத்துக்க" என்றார். பாதி மாத்திரை சாப்பிட்டேன். குழந்தை தூங்கியது. அதன் மூக்கருகே கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பார்த்தேன். படிந்தது. ஆனாலும் உலுக்கி எழுப்பினேன். அது வீறிட்ட வீறலில் மாட்டுக்கொட்டகை வரை கலங்கியது.

"தூங்குற புள்ளய எழுப்பித் தூங்குதான்னு பாத்த டாக்டரு ஒலகத்துலேயே நீ ஒருத்திதாம்மா" என்றார் மாமியார்.

மிச்சமிருந்த மாத்திரைகள் பையில் கிடந்தன.

அறுவடை நெருங்கியிருந்தது. ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாகி, நில உச்சவரம்பு பற்றி வீட்டுக்கு வீடு முணுமுணுத்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வோர் அறுவடைக்கும் கூலிப் பேச்சு மன்னார்குடி தாலுகா ஆபீசில் நடக்கும். ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிர்ப்பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம், நடுவில் தாசில்தார். எங்கள் பக்கத்து மிராசுதார்களுக்கு மாமாதான் வாய். முந்தின வருஷம் அவர் மேஜையைத் தட்டியதில் தாசில்தாரின் மைக்கூடு கவிழ்ந்து பேச்சு முறிந்தது. கதிர் முற்றிக் கொட்டியது. அறுப்புக்கு வெளியூர் ஆள் இறங்கியது, போலீஸ் வேன் வந்தது, இரண்டு பக்கமும் மண்டைகள் உடைந்தன. இந்த வருஷமும் முறிந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேச்சுக்கு முதல் நாள் மீன்காரம்மா கடற்கரைப் பக்கமிருந்து நல்ல இறால் கொண்டுவந்தார். மாமாவுக்கு இறால் என்றால் உயிர். இறாலுக்கு மாமா என்றால் ஆகாது. மறுநாள் காலையில் சட்டை போடும்போதே கழுத்திலும் தோளிலும் தடித்துவிட்டது.

"இப்புடி சொறிஞ்சிக்கிட்டே போயி உக்காந்தா, அவனுங்க கொரங்குன்னு நெனப்பானுங்க. ஏம்மா, அன்னிக்கி நீ ஏதோ மாத்திரை போட்டியே?"

நான் இன்னும் டாக்டர் இல்லை. எனக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குத் தருவது தப்பு என்று நோட்டில் கோடு போட்டு எழுதியவளும் நானே. ஆனால் என்னைப் படிக்க வைப்பவர் கை நீட்டி நிற்கிறார். உதடு வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. ஒரு மாத்திரை கொடுத்தேன்.

"ஒண்ணா? ஒனக்குப் பாதி. நான் ஒன்ன மாதிரி நாலு ஆளு இருக்கேன்" என்று பையிலிருந்து இன்னொன்றைத் தாமே எடுத்து, காபியோடு விழுங்கிவிட்டு, வில்வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியது. கடமை தவறாதவளாக நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். ஒவ்வாமைக்கான மாத்திரைகள்: தூக்கம், வாய் உலர்தல், பார்வை மங்கல். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமம். கீழே எங்கள் பேராசிரியை சொன்ன நான்கு கேள்விகள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? பெண்ணானால், கர்ப்பமா, பாலூட்டுகிறாரா? மருந்து சாப்பிட்டுவிட்டு என்ன வேலைக்குப் போகப்போகிறார்?

முதல் கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் ஊருக்கே தெரிந்திருந்தது.

"அத்தை, மாமா வேற ஏதாவது மருந்து சாப்புடுறாங்களா?"

"இருமலுக்குக் கம்பவுண்டர் குடுத்த மருந்துதான். ரெண்டு மூடி குடின்னாரு. இவுக சீசாவோட சாச்சிக்கிட்டாக."

சீசாவை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் சின்ன எழுத்தில் அதே ஜாதி மருந்து இருந்தது. தூக்கத்தின் மேல் தூக்கம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்துக் குழந்தை சிரித்தது, அதைப் பார்த்து நான் இன்னும் சிரித்தேன். மாமியார் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அய்யய்யோ, ஆளனுப்பவா?" என்றார்.

"என்னன்னு அத்தை சொல்லி அனுப்புறது? எதிராளி முன்னாடி, 'அய்யா தூங்கிடாதீங்க, மருமக மாத்திரை குடுத்துட்டா'ன்னா?"

ஆள் அனுப்பவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அனுப்பியிருக்க வேண்டுமோ என்று யோசித்திருக்கிறேன். வண்டியில் ஏறி இறங்கும்போது விழுந்திருந்தால்? அவமானத்தை நினைத்தேனே தவிர, அதை நினைக்கவில்லை.

மாலை வெயில் சாய்வதற்குள் வண்டி வந்துவிட்டது. மாமா இறங்கி, யாரோடும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கூடப் போன காரியக்காரர், நில நிர்வாகத்தைப் பார்ப்பவர், கொல்லைப்புறம் வந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பேச்சு முறிஞ்சிடுச்சா?" என்றார் மாமியார்.

"முறியிறதா? முடிஞ்சிடுச்சும்மா! ஒரு மணி நேரத்துல கையெழுத்து."

அவர் சொன்னது இது. சங்கத் தலைவர் எழுந்து இரண்டு படி நெல் கூடுதலாக வேண்டும் என்றாராம். வழக்கமாக அந்த இடத்தில் மேஜை அதிரும். மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தலைவர் மறுபடி கொஞ்சம் சூடாகப் பேசினார். பதில் இல்லை. குறுக்கே பேச ஆளில்லாமல் அவருக்கே பேச்சு தீர்ந்துபோனது. மற்ற மிராசுதார்கள் மாமாவின் முகத்தைப் பார்த்து, ஏதோ பெரிய யோசனை என்று வாயைத் திறக்கவில்லை.

"அப்பறம் அய்யா கண்ணத் தொறந்து, 'தண்ணி'ன்னாங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு போல. பானை அந்தப் பக்கம் இருக்கு. சங்கத்துத் தலைவரு பக்கத்துல நிக்கிறாரு. அவரே மொண்டு நீட்டிட்டாரும்மா."

தலைவர் சேரியில் பிறந்தவர். எங்கள் வீட்டில் அந்தக் கையிலிருந்து யாரும் தண்ணீர் வாங்கியதில்லை. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

"அய்யா வாங்கிக் குடிச்சிட்டாங்க. மடமடன்னு. 'இன்னொண்ணு'ன்னாங்க. அஞ்சு தம்ளரு! தலைவரு கொஞ்ச நேரம் தம்ளரையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் 'சரி, ஒரு படியே இருக்கட்டும்'னாரு. அய்யா 'ம்'முன்னாங்க."

எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்தத் தடவை மாமியாருக்கும் வந்துவிட்டது. மூன்று பேரும் ஆளுக்கொரு துணியை வாயில் அடைத்துக்கொண்டு, வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று குலுங்கினோம்.

இரவு முழுவதும் மனம் அரித்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் நாளைக்கும் அந்த இருமல் மருந்தைச் சாய்த்துக்கொள்வார். காலையில் காபியோடு போய் நின்றேன்.

"மாமா, நேத்து நான் குடுத்த மாத்திரை தூக்கம் வர வைக்கும். நாக்கு வறண்டுபோகும். இருமல் மருந்தோட சேந்தா ரெண்டு மடங்கு. நான் சொல்லியிருக்கணும். குடுத்திருக்கவே கூடாது. எம் மேல தப்பு." பிறகு, கேட்காமலே, "பொஸ்தகத்த அலமாரியில வச்சிடுறேன்" என்றேன்.

அவர் காபியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் தூங்கினேன்னு எவன் சொன்னான்? கண்ண மூடி யோசிச்சேன்."

"சரி மாமா."

"தாகம் எடுத்துச்சு. சரி, அது ஒன் மாத்திரை. குடிச்சது யாரு? மாத்திரையா குடிச்சிது? மொதத் தம்ளர்லயே யாரு கைன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் இருமல் சீசாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத எவ்வளவு குடிக்கணும், எத்தன நாளைக்கின்னு கம்பவுண்டர்ட்ட கேட்டு எழுதிட்டு வா. போயி முழுசாப் படி. அரைகுறையாப் படிச்சவ குடுத்ததுக்கே இவ்வளவு வேலை."

பன்னிரண்டாம் நாள் வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார், ஒவ்வாமை மாத்திரைகளின் பக்கவிளைவுகள் என்னென்ன என்று. தூக்கம், வாய் உலர்தல், பார்வை மங்கல், சிறுநீர்ச் சிரமம் என்று சொன்னேன்.

"வேறே?"

ஒரு படி நெல் கூலி உயர்வு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் அவர்.

"நாக்கு வறண்டுடுச்சு சார்" என்றேன். அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.