தாடி வளர்த்த தெரு

என் தம்பி சலூன் வைத்திருக்கிறான். பக்கத்துக் கடையில் நான் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அவன் அங்கே தும்மினால் இங்கே என் ஊசி ஒரு தையல் தப்பும். அப்படிப்பட்ட நானே ஒரு வருஷம் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன் என்றால், என்னை எதால் அடிப்பது?

கட்டிங்கைவிடச் சவரத்தில்தான் அவனுக்குப் பேர். முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டு, நுரையைக் குழைத்து, கத்தியை எடுத்தானென்றால் ஆள் நாற்காலியிலேயே குறட்டை விடுவான். பேச்சுக்கும் பஞ்சமில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "கடைக்கு ஒரு வாய் போதும்க்கா" என்று தட்டிக் கழித்துவிட்டு மாடி அறைக்கு ஏறிவிடுவான்.

அவன் கடைத் துண்டுகளை என் வீட்டு வாஷிங் மெஷினில்தான் போடுவேன். வாரத்துக்கு இரண்டு கூடை வரும். அது ஒரு கூடையானது, அப்புறம் அரைக் கூடை. ஒரு வாரம் ஐந்தே ஐந்து துண்டு வந்தது.

"என்னடா, ஷேவிங்குக்கு யாருமே வர்றதில்லையா?"

"இப்ப தாடிதான்க்கா ஸ்டைலு. தெருவப் பாரு, ஒரு மூஞ்சியாவது தெரியுதா?"

பார்த்தேன். உண்மைதான். மளிகைக்காரர் தாடி, தபால்காரர் தாடி. ரிட்டயர் ஆகப்போகிற கணக்கு வாத்தியாருக்கு நெஞ்சு வரை தொங்கியது. என் வீட்டுக்காரரும் வளர்த்திருந்தார். கேட்டதற்குச் "சும்மாதான்" என்றார். இந்த வயதில் இதுகளுக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரித்துவிட்டு மிஷினை மிதிக்கப் போய்விட்டேன்.

மற்றதும் கண்ணில் படாமல் இல்லை. எட்டு மணிக்குத் திறக்கிற கடை பத்து மணிக்குத் திறந்தது. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். எந்நேரமும் வாயில் பெப்பர்மின்ட். அரை மணிக்கு ஒரு தரம், "துண்டு எடுத்துட்டு வர்றேன்" என்று பின்னறைக்குப் போவான். துண்டு வராது, உற்சாகம் மட்டும் வரும். சொன்ன கதையையே சொன்ன ஆளிடமே திரும்பச் சொல்வான். ஏன் லேட் என்று கேட்டால், "நீ என்ன போலீஸா?" என்று சீறுவான். சாயங்காலம் ரெண்டே ரெண்டு கிளாஸ்தான் என்பான். கிளாஸ் எவ்வளவு உயரம் என்று நானும் கேட்டதில்லை. உழைக்கிற உடம்பு, அலுப்பு இருக்கும் என்று நானே அவனுக்கு வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தாடியைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வரவழைத்துவிட்டார்.

"மழிச்சுத்தான் தொலைங்களேன்!"

"யார்கிட்டப் போய் மழிக்கிறது?" தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை மனிதர். "உன் தம்பிக்குக் கை ஆடுதுடி. போன வருஷமே தபால்காரருக்குக் காதுக்குக் கீழ கீறிட்டான்."

"அப்ப எதிர்த் தெரு சலூனுக்குப் போக வேண்டியதுதானே?"

"போனா அவன் மனசு கஷ்டப்படாதா? அதான் எல்லாருமாச் சேந்து வளத்துட்டோம்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது பாருங்கள், அதுதான் நிலைத்தது.

மறுநாள் கடை திறந்ததும் என் வீட்டுக்காரரைத் தரதரவென்று இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வெட்டப்போகிற ஆடு மாதிரி முழித்தார்.

"மாமாவுக்கு ஷேவ் பண்ணுடா."

"இரு, துண்டு எடுத்துட்டு வர்றேன்."

"துண்டு என் கையில இருக்கு. நீ கத்திய எடு."

எடுத்தான். கத்தி நடுங்கியது. இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டுமாகச் சேர்ந்து நடுங்கின. என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டார். தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"முன்னாடியெல்லாம் காலைல ஒரு மடக்கு ஊத்துனா நின்னுரும்க்கா. இப்ப ஊத்துனாலும் நிக்க மாட்டேங்குது. இந்தக் கை போச்சுன்னா எனக்கு என்னக்கா இருக்கு? பயமா இருக்கு."

திட்டுவதற்கென்று மூட்டை கட்டி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "இந்த நிமிஷத்தோட விட்டேன்" என்று வழியெல்லாம் சத்தியம் செய்தான். டாக்டரம்மா தலையாட்டி மறுத்தார்.

"நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வந்துரும். இங்கயே தங்குங்க. மருந்து குடுத்து நாங்க பாத்துக்கறோம்." பிறகு ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "குடியக் குறைச்சுக்கன்னு யாராவது உங்ககிட்டச் சொல்லியிருக்காங்களா?" என்றார்.

தம்பி நன்றாக யோசித்தான். "இல்ல டாக்டர். எங்க தெருவுல எல்லாரும் ரொம்ப நல்லவங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாதக்கணக்கில் கட்டிங் மட்டும்தான். நடுவே ஒருமுறை சறுக்கினான். அவனே வந்து சொன்னான், திரும்ப டாக்டரம்மாவிடம் போனோம். அது ஆகி ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சவரம் ஆரம்பிக்கிறேன் என்றான். வாத்தியார் முதல் ஆளாக உட்கார்ந்தார். தெரு மொத்தமும் கடை வாசலில் நின்றது. தாடியைக் கத்தரித்து, நுரை பூசி, சவரக் கத்தியை எடுத்தவன் எங்கள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க. ஆடுதா?"

மளிகைக்காரர் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தார். சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தும் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நுரைக்குள்ளிருந்து வாத்தியார் குரல்தான் வந்தது. "லேசா ஆடுதுப்பா."

தம்பி கத்தியை மடக்கினான். அவர் முகத்து நுரையைத் துண்டால் பதமாகத் துடைத்தான். அவன் கண் நிறைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நன்றி சார்," என்றான். "அடுத்த சனிக்கிழமை வாங்க. அன்னிக்கும் இதே மாதிரி சொல்லுங்க."