வாயாடித் துப்பறிவாளரும் ஒரு மொட்டைக் கடிதமும்

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மொட்டைக் கடிதத்தைக் கையில் வாங்கினேன். பயமா? இல்லை, சந்தோஷம்!

பின்னே? மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் துப்பறியும் படம் பார்க்கிறவள் நான். படத்தில் வருவதெல்லாம் யாரோ ஒருவருக்கு வந்த கடிதம். இதுவோ எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கே, அதுவும் எங்கள் மேலேயே எழுதப்பட்டது. சும்மா விட முடியுமா?

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் அங்கே புரொஜெக்டரை வைத்து, வெள்ளைச் சுவரில் படம் போடுவார். அறுபதுகளில் வந்த துப்பறியும் படங்கள் மட்டும்தான். ஆங்கிலம் ஒரு வாரம், தமிழ் ஒரு வாரம். கிள்ளானில் மூடப்போகிற ஒரு டிவிடி கடையிலிருந்து இரண்டு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பதினைந்து பேர் கூடுகிறோம். கச்சான் கடலை, ஆற்றிய தே தாரே டீ, முறுக்கு... ஒன்றுக்கும் குறைவில்லை.

கடிதம் என்ன சொன்னது? துப்பாக்கிச் சத்தம், கார் துரத்தும் சத்தம், 'ஒரு பெண்மணியின் உரத்த சிரிப்பு' - இவற்றால் சனிக்கிழமை மத்தியானம் நிம்மதி போகிறது, நிறுத்த வேண்டும் என்றது. அந்தப் பெண்மணி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தை என்னிடம் கொடுத்த நிர்வாக அலுவலகத்து மேனேஜர் புவான் ஹனிசா (புவான் என்றால் மலாயில் திருமதி) கறாரானவர். அடுத்த ஞாயிறு குடியிருப்பாளர் கூட்டத்தில் இதை எடுப்பேன், புகார் நியாயம் என்று முடிவானால் மண்டபத்தை இனிமேல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மண்டபம் போனால் படம் போச்சு. படம் போனால் என் சனிக்கிழமையே போச்சு.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் படங்களில்? என் மகள் கேட்கிற கேள்வி இது. கதை புரியாது. கொலைகாரனைக் கண்டுபிடித்த பிறகும் எதற்குக் கொன்றான் என்பது பாதிப் பேருக்கு விளங்காது. அது கிடக்கட்டும். நான் போவது கதைக்காக இல்லை, அந்தத் துப்பறிகிற மனுஷனின் வாய்க்காக!

யோசித்துப் பாருங்கள். அவனுக்கு நல்ல கோட்டு இல்லை, நல்ல கார் இல்லை, மேலதிகாரி என்று ஒருத்தரும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது போட்டு மொத்துகிறார்கள். நாற்காலியில் கட்டிவைத்துத் துப்பாக்கியை நீட்டி, "கடைசி ஆசை என்ன?" என்று கேட்கிறார்கள். அவன் என்ன சொல்கிறான்? "இந்த நாற்காலியை மாத்துங்க, முதுகு வலிக்குது." தமிழ்ப் படத்தில் என்றால் கூடவே ஒரு கிளப் டான்ஸும், புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவும் போனஸ்.

நான் இருபத்து நான்கு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். பாஸ் என்ன சொன்னாலும் 'ஓகே பாஸ்' என்று தலையாட்டினவள். சுடச்சுட ஒரு பதில் என் வாயில் வரவே வராது... வரும், எல்.ஆர்.டி. ரயில் ஏறி இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகு வரும். அப்பா ரயில்வேயில் தலையாட்டினார், அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் தலையாட்டினார். இப்படிப்பட்ட பரம்பரையில் பிறந்தவளுக்கு, அடி வாங்கிக்கொண்டே எதிர்த்துப் பேசுகிற ஒருத்தனைப் பார்த்தால் உடம்பெல்லாம் புல்லரிக்காதா?

சரி, கேஸுக்கு வருவோம்.

மொத்தக் கட்டடமும் ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட்டது. ஏழாம் நம்பர் வீட்டு மாலதி. ஷூ ரேக்குக்குப் புகார், துணி காயப்போட்டால் புகார், ஊதுபத்திப் புகைக்கும் புகார் என்று வாழ்கிற பெண். லிஃப்டில் அவரைப் பார்த்துச் சிரிப்பதையே ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்கு அவர் கொண்டுவந்த கரும்பை ஒரு வீட்டில் வாங்கவே இல்லையாம்.

எனக்கு மட்டும் இடித்தது. மாலதி புகார் எழுதினால் பெயர், வீட்டு எண், போன் நம்பர் எல்லாம் போட்டு, வாட்சப் குழுவிலும் ஏற்றுவார். ஒளிந்து எழுதுகிற ஜாதி இல்லை அவர்.

கடிதத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மலாயில், கணினியில் அடித்த கடிதம். தலைப்பு பெரிய எழுத்தில், அடிக்கோடோடு. முதல் பத்திக்கு எண் இல்லை, இரண்டாவது பத்தி '2' என்று ஆரம்பிக்கிறது. முடிவில் நன்றி. அதற்குக் கீழே, 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா'... அதாவது, 'உத்தரவுக்குக் கீழ்ப்படியும் நான்'. அதற்கும் கீழே கையெழுத்துக்கு அளவாக இடம் விட்டு, கையெழுத்து இல்லை. கடைசியில் 'நகல்: கோப்பு'.

விழுந்து விழுந்து சிரித்தேன். மொட்டைக் கடிதத்துக்கு யாராவது கோப்பு நகல் வைப்பார்களா? வைப்பார்கள் - முப்பது வருடம் அரசாங்க உத்தியோகத்தில் கடிதம் எழுதிப் பழகிய கை என்றால்! பெயரை மறைக்கத் தெரிந்தது, பழக்கத்தை மறைக்கத் தெரியவில்லை. அந்தக் கீழ்ப்படிகிற வாசகத்தைக்கூட அரசாங்கத்தில் இப்போது மாற்றிவிட்டார்கள். ஆகவே ரிட்டையராகிப் பல வருடம் ஆனவர்.

எங்கள் கட்டடத்தில் அப்படி மூன்று பேர். ஒருவர் மகளோடு இருக்கச் செமினிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன், திரையையே பார்க்கக் கூடாது. மூன்றாவது ஆள் ஞானம் அங்கிள்.

அவராக இருக்காது என்றுதான் நினைத்தேன். ஞானம் அங்கிள் எங்கள் முதல் வரிசை! யாழ்ப்பாண வம்சாவளி, நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷர். ஆனால் படத்தில் அந்தத் துப்பறிவாளன் வாயைத் திறந்தால் போதும், தொடையைத் தட்டிச் சிரிப்பார். எப்போதும் சீக்கிரமே வந்து, ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்.

ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி...

ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதிப் படத்தில் சத்தம் தானாகக் குறைந்துவிடும். ஸ்பீக்கர் போயிடுச்சு, புதுசு வாங்கணும் என்று என் வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டே இருந்தார். தானாகக் குறைகிற சத்தம் உலகத்தில் உண்டா? மேலும், அங்கிளின் வீடு மண்டபத்துக்கு நேர் மேலே. எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. அடடா, அந்த நிமிடத்தில் இருந்த குஷியை என்னவென்று சொல்வேன்!

கடிதத்தை மடித்துக்கொண்டு படியேறினேன். கதவு திறந்ததும் சொல்ல வேண்டிய நக்கல் வசனத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அங்கிள் கதவைத் திறந்தார். உள்ளே ஹாலிலேயே ஒரு கட்டில். அதில் அவர் மனைவி பவளம் ஆன்டி படுத்திருந்தார். கையில் பிளாஸ்திரி. அன்று செவ்வாய்க்கிழமை.

ஆன்டிக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் என்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவார், வந்ததும் அடித்துப்போட்ட மாதிரி படுப்பார். மூன்று மணிக்குக் கீழே நாங்கள் துப்பாக்கியால் சுட ஆரம்பிப்போம். பதினைந்து பேரில் ஒருத்தருக்காவது அது உறைத்ததா? எனக்கு உறைத்ததா? வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது. தயாராக வைத்திருந்த வசனம் வாயிலேயே செத்தது.

அங்கிள் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, அவவுக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் நித்திரை வேணும். உங்கட சந்தோஷத்தையும் கெடுக்க ஏலாது. எனக்கு ஆக்களின்ர முகத்துக்கு நேர 'வேண்டாம்' எண்டு சொல்லித் தெரியாதம்மா."

பிறகு ஏன் நீங்களே வந்து உட்கார்ந்து சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். வராமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றார். கொஞ்சம் யோசித்து, படமும் பிடிக்கும் என்றார்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றேன். அவ்வளவுதான் விஷயம். ஒரு வாய் வார்த்தையில், வாசற்படியிலேயே, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது! யாரிடமும் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் செய்து கொடுத்தேன். வீட்டுக்காரர் மூன்று நாள் கிண்டிப் பார்த்தார். என் கட்சிக்காரர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கெத்தாக நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். படத்தை ஞாயிறுக்கு மாற்றுகிறோம் என்று எழுந்து சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? புவான் ஹனிசா விடவில்லை. புகார் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால்தான் கோப்பை மூட முடியும், எழுதியவர் யார் என்று கேட்டார். மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் மாலதி பக்கம் திரும்பியது.

"நான் எழுதல," என்றார் மாலதி. ஒருத்தரும் நம்பவில்லை. பின் வரிசையில் யாரோ, வேற யாரு எழுதுவா என்று எல்லோருக்கும் கேட்கும்படியே முணுமுணுத்தார்கள். எதற்கும் சண்டைக்கு நிற்கிற அந்தப் பெண்ணின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நான் என்ன செய்வது? வாயைத் திறந்தால் சத்தியம் போகும். மூடிக்கொண்டிருந்தால் ஒரு பாவமும் அறியாத பெண்ணின் மானம் போகும். படத்தில் இந்த இடத்தில் அவன் என்ன செய்வான்? மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஞானம் அங்கிள் எழுந்து நின்றார். சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பிள்ளையைப் பாக்காதேங்கோ. எழுதினது நான்."

ஏன் பெயர் போடவில்லை என்று புவான் ஹனிசா மலாயில் கேட்டார். அங்கிள் மலாயிலேயே, சுத்தமான ஆபீஸ் மலாயில், நிதானமாகப் பதில் சொன்னார். தமிழில் தருகிறேன்.

"முப்பத்தைந்து வருடம் பெயர் போட்டுத்தான் கடிதம் எழுதினேன், புவான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு கடிதம் பெயரில்லாமல் எழுதினேன். இரண்டே நாளில் நடவடிக்கை எடுத்துவிட்டீர்கள்."

முதலில் சிரித்தது புவான் ஹனிசாதான். அடுத்த விநாடி மொத்த மண்டபமும் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். அங்கிள் தொடையைத் தட்டவில்லை, முகத்தில் ஒரு கோடு அசையாமல் நின்றார். அறுபதுகளில் வந்த படங்களில் ஒருத்தனும் இவ்வளவு அழகாக ஒரு வசனத்தைப் போட்டதில்லை!

சிரிப்பு அடங்கிய பிறகு அங்கிள், ஆன்டியின் சனிக்கிழமைத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லி, மாலதியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். கரும்பை வாங்காத வீட்டுக்காரரும் பின்னாலேயே போனார். ஆன்டியை டயாலிசிஸுக்குப் போக வர இனி சனிக்கிழமைகளில் தன் காரிலேயே கூட்டிப்போவதாக மாலதி சொல்லிவிட்டார். இத்தனை நாள் டாக்ஸிக்குக் காத்திருந்ததைப் பற்றியும் அங்கிள் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

வாயைத் திறந்தால் பாதிக் கேஸ் தானாகவே முடிந்துவிடுகிறது, மீதிப் பாதிக்குத்தான் துப்பறிவாளன் வேண்டும்!