டயர் மேல் போட்ட பழி

படப்பை தாண்டி இருக்கும் ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் அனுமதி கிடைத்தது. தாம்பரம் மேம்பாலத்தில் இருபது வருடமாக இறங்குகிறவனுக்கு இறக்க வளைவெல்லாம் ஒரு விஷயமா என்ற திமிர் எனக்கு.

புது டயர் மாட்டிய மெக்கானிக் கரீம் பாய் கூடவே வந்திருந்தார். "சார், வளையறதுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சிடுங்க. வளைவுக்குள்ள புடிச்சா பின்பக்கம் லேசாயி வண்டி சுத்திடும்" என்றார்.

வளைவின் நடுவே சரிவைப் பார்த்ததும், மேம்பாலப் பழக்கத்தில் என் கால் பிரேக்கில் போய் விழுந்தது. கார் கிரைண்டர் மாதிரி சுற்றிப் புல்லில் போய் நின்றது. காலையில் தின்ற பொங்கல் முழுவதும் ஹெல்மெட்டுக்குள் வந்தது.

அதைவிட அசிங்கமானது அடுத்து வந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த நண்பர்கள் ஓடிவந்தார்கள். அவர்களிடம், "பாய் போட்ட டயர் வழுக்கிடுச்சு மச்சான்!" என்றேன்.

"அப்ப நம்ம வண்டிய இவர்கிட்ட எப்படிடா விடறது?" என்றான் ஒருவன். அவர்கள் எல்லோருமே பாயின் வாடிக்கையாளர்கள்.

பாய் குழாயடியில் என் ஹெல்மெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லோரும் நகர்ந்த பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"பிரேக் லைட் எரிஞ்சத பார்த்தேன் சார். அடுத்த தபா முன்னாடியே புடிங்க."

அந்த மாதமே இரண்டு பேர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். பாய் இன்றுவரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நண்பர்கள் இதைப் படிப்பார்கள். டயர் நல்ல டயர்தான், மச்சான்களே. தப்பான இடத்தில் பிரேக் பிடித்தது என் கால்தான்.